உங்கள் கடை வீடியோவை யார், யாருக்கு அனுப்புவார்? சிறு வியாபாரிகளுக்கு ஒரு ரீல்ஸ் வழிகாட்டி

கோவில்பட்டிப் பக்கம் கடலைமிட்டாய் போடுகிற ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். குடும்பமாக நாலைந்து பேர் வேலை பார்க்கும் இடம். ஒரு நாளைக்கு முப்பது கிலோ போடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கரிசல் மண் நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று பெருமை பேச நிறைய இருக்கிறது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கினால் வரிசையாக எல்லாக் கடையிலும் அதே பெயர்தான், அதே பெருமைதான். இந்தக் கடைக்காரர் தன் போனை வைத்து என்ன செய்தால் நாலு பேர் கண்ணில் படுவார்? அதைத்தான் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். உங்களுடையது தையல் கடையோ, மொபைல் சர்வீஸோ, நர்சரியோ, எதுவானாலும் கடலைமிட்டாய் இருக்கும் இடத்தில் உங்கள் சரக்கை வைத்துப் படியுங்கள்.

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கை இந்தியாவில் தடை செய்தார்கள். ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. அன்றிலிருந்து சிறு கடைகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டுதான் களம். கூடவே வாட்ஸ்அப். பரவுவதில் பாதி நடப்பது வாட்ஸ்அப்பில்தான் என்பது என் எண்ணம்.

வைரலாக்கிக் காட்டுகிறேன், இத்தனை லட்சம் பார்வை உறுதி என்று பணம் கேட்டு யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எந்த வீடியோ ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. ஓடுவதற்கான வாய்ப்பைக் கூட்டலாம், ஓடினால் அதை வியாபாரமாக்கத் தயாராக இருக்கலாம். நம் கையில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் அதுவே கணிசமான வேலை.

முதலில் ஆர்டர் எடுக்கும் வழி

பலரும் இதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வீடியோ ஓடி ஆயிரம் பேர் விசாரிக்க வரும்போது அவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை, விலைப்பட்டியல் இல்லை, கூரியர் கட்டணம் தெரியாது. வந்த கூட்டம் வந்த வழியே போய்விடும்.

முதல் கேள்வி, உங்களால் எங்கே வரைக்கும் விற்க முடியும்? சலூன் வைத்திருப்பவருக்கு மும்பையில் ஒரு லட்சம் பேர் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பத்துக் கிலோமீட்டருக்குள் இரண்டாயிரம் பேர் பார்த்தால் போதும். கடலைமிட்டாயைக் கூரியரில் அனுப்பலாம், அதனால் அவருக்கு ஊர் எல்லை இல்லை. இதைத் தெளிவாக்கிக்கொண்டால் என்ன மாதிரி வீடியோ எடுப்பது, எந்தப் பேச்சு வழக்கில் பேசுவது என்பதெல்லாம் பாதி முடிவாகிவிடும்.

அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. இலவசம்தான். சொந்தப் பேச்சுக்கு வைத்திருக்கும் எண் வேண்டாம், கடைக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்டலாக் என்று ஒரு வசதி உண்டு. கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று படத்தோடும் விலையோடும் போட்டுவையுங்கள். ‘குயிக் ரிப்ளை’யில் நாலைந்து பதில்களை எழுதிச் சேமித்துவிடலாம்: விலை, கூரியர் கட்டணம், எத்தனை நாளில் வரும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பணம் எப்படி அனுப்புவது. ராத்திரி பதினொன்றுக்கு வரும் விசாரிப்புக்கு ‘காலை ஒன்பது மணிக்குப் பதில் சொல்கிறோம்’ என்று தானாகப் போகும்படியும் அமைக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரிகளில் கவிதை வேண்டாம். என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், எங்கெல்லாம் அனுப்புவீர்கள், வாட்ஸ்அப் இணைப்பு. அது போதும். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம், வீட்டிலிருந்து செய்பவர்களுக்கும்தான். அந்த 14 இலக்க எண்ணை அங்கேயே போட்டுவிடுங்கள். தெரியாத ஊர்க் கடையில் முதல்முறை பணம் கட்டுபவர் இதையெல்லாம் பார்ப்பார்.

விலையை மறைக்காதீர்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதினால் கமெண்ட் எண்ணிக்கை கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படுபவர்கள் நம்மில் நிறைய. அவர்கள் கேட்க மாட்டார்கள், அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கேள்வி நோட்டு

‘என்ன வீடியோ போடுவது என்றே தெரியவில்லை’ என்று புலம்புபவர்களுக்கு ஒரு வழி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம்.

‘ஏன் சில மிட்டாய் பல்லுல ஒட்டுது?’ ‘இது வெல்லமா, சர்க்கரை கலந்ததா?’ ‘மேல இருக்கிற கலர் தேங்காய்ப்பூ எதுக்கு?’ ‘மழைக்காலத்துல நமத்துப்போகுதே?’ ‘தோலோட போட்டது இருக்கா?’ ‘ஆறு மாசக் குழந்தைக்குக் குடுக்கலாமா?’

ஒவ்வொரு கேள்வியும் ஒரு வீடியோ. ஒரு வீடியோவில் ஒரே ஒரு விஷயம்தான். கடையின் வரலாறு, தாத்தா தொடங்கியது, சரக்கு வகை, விலை, முகவரி எல்லாவற்றையும் ஒன்றில் அடைத்தால் கடைசிவரை உங்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். அவர்களும் தள்ளித் தள்ளித்தான் பார்ப்பார்கள்.

குழந்தைக் கேள்விக்கு மட்டும் வீடியோ வேண்டாம். ‘குடுக்கக் கூடாதுங்க, தொண்டையில சிக்கிரும்’ என்று பதில் சொல்லிவிடுங்கள். வியாபாரத்தைவிட அது முக்கியம்.

யாரை நினைத்து அனுப்புவார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில், ஒரு பதிவை மேலும் பலருக்குக் காட்டுவதற்கு முக்கியமாகப் பார்க்கும் மூன்று விஷயங்களைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எவ்வளவு பேர் லைக் போடுகிறார்கள், எவ்வளவு பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். உங்களைப் பின்தொடராத புது ஆட்களைச் சென்றடைய, லைக்கைவிட அனுப்புவதற்கே மதிப்பு சற்று அதிகம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. லைக் போடுவது விரலுக்கு வந்த பழக்கம். இன்னொருவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஒரு முகம் மனதில் வர வேண்டும்.

அதனால் கேமராவை எடுக்கும் முன்பே நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: இதை யார், யாருக்கு, என்ன சொல்லி அனுப்புவார்? அந்த வரியை எழுத முடியாவிட்டால் அந்த வீடியோவை எடுக்க வேண்டாம்.

கடலைமிட்டாய்க்காரருக்கு இப்படி அமையலாம். கோவில்பட்டியில் படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்ப்பவர், தன் பள்ளி நண்பனுக்கு: ‘டேய், ஞாபகம் இருக்கா, இன்டர்வெல்ல நாலு பேரு பங்கு போட்டுத் தின்னோமே.’ இது ஊர் நினைவு. அடுத்து, வீட்டில் செய்து பார்த்து மிட்டாய் சரியாக வராத அக்கா, தங்கச்சிக்கு: ‘நமக்கு ஏன் ஒட்டுச்சுன்னு இப்பத்தான் தெரியுது.’ இது உபயோகம். மூன்றாவது, வீட்டுக்குள் நடக்கும் வழக்கு. தோல் நீக்கியதா, தோலோடா? தட்டையா, உருண்டையா? கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அனுப்பி ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ என்பார்கள். நான்காவது, கைவேகம். சூடு ஆறுவதற்குள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வெட்டித் தள்ளும் அந்த அம்மாவின் கையைப் பார்த்து வாய்பிளப்பது.

இந்த நான்கில் சிறு கடைக்கு எளிதாகக் கைகொடுப்பது உபயோகமும் கைவேகமும். ஊர் நினைவு நன்றாக ஓடும், ஆனால் எல்லாரும் அதையே எடுக்கிறார்கள், சீக்கிரம் தெவிட்டிவிடும். வழக்கு வீடியோவில் கமெண்ட் கொட்டும், விற்பனை அந்த அளவுக்கு வராது. மாதத்துக்கு ஒன்று போதும்.

சரக்கின் நிஜமான பலத்தைக் காட்டுவதற்கு ஒரு பழைய உதாரணம். ப்ளெண்ட்டெக் என்ற அமெரிக்க மிக்சி நிறுவனம் 2006-இல் யூடியூபில் வீடியோ போடத் தொடங்கியது. முதலாளியே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கோலிக்குண்டு, தோட்டத்து வாரியின் கைப்பிடி என்று எதையெதையோ மிக்சியில் போட்டு அரைத்துக் காட்டினார். முதல் சில வீடியோக்களுக்கு ஆன செலவு சுமார் 50 டாலர். தொழிற்சாலைக்குள் சோதனைக்காக நடந்துகொண்டிருந்த வேலைதான் அது. அதைக் கேமரா முன்னால் கொண்டுவந்தார்கள். உங்கள் கடையிலும் தினமும் நடக்கிற, உங்களுக்குச் சலித்துப்போன ஏதோ ஒன்று வெளியாளுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதைத் தேடுங்கள்.

ஒரு வீடியோவைப் பிரித்துப் பார்ப்போம்

‘ஏன் பல்லுல ஒட்டுது?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். பதில் பாகுப் பதத்தில் இருக்கிறது. வெல்லப் பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட வேண்டும். இளகலாக உருண்டால் பதம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காய்ந்ததும் மறுபடி ஒரு சொட்டு. அது தண்ணீரில் கெட்டியாகும். எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும், மடித்தால் வளையாமல் உடைய வேண்டும். அதைத் தாண்டினால் கசப்பு ஏறிவிடும். இடைப்பட்ட நேரம் கொஞ்சம்தான்.

இதை இருபத்தைந்து வினாடியில் சொல்லலாம். முதல் காட்சியே தட்டில் விழும் அந்த ‘டங்’. வணக்கம் கிடையாது, கடைப் பெயர் கிடையாது. சத்தத்தோடு சேர்ந்து குரல்: ‘இந்தச் சத்தம் வரலைன்னா மிட்டாய் பல்லுல ஒட்டும்.’ இதற்கு மூன்று வினாடி. அடுத்து பின்னால் போகிறோம். கொதிக்கும் பாகு, கரண்டி, முதல் சொட்டு. விரலில் உருட்டிக் காட்டி, ‘இது பத்தாது.’ மறுபடி கொதி. இரண்டாவது சொட்டு, தட்டில் ‘டங்’. ‘இப்போ கடலையைக் கொட்டலாம்.’ வறுத்த கடலை பாகில் சரசரவென்று விழுவது, கிளறுவது, தட்டில் பரப்பித் தேய்ப்பது, எல்லாம் இரண்டிரண்டு வினாடி. கடைசியில் ஒரு துண்டை எடுத்து ஒடிப்பது. அந்த ‘மடக்’ சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும். அதோடு நிறுத்திவிடலாம்.

‘லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க’ வேண்டாம். ஒடித்த சத்தத்தோடு முடிந்தால் சட்டென்று மறுபடி முதல் ‘டங்’ வரும், சிலர் இன்னொரு முறை பார்ப்பார்கள். ஆர்டர் விவரம் வீடியோவுக்குள் தேவையில்லை, கீழே எழுத்தில் இருந்தால் போதும்.

செய்முறையை வெளியே சொல்லிவிட்டால் வியாபாரம் போய்விடாதா என்று கேட்பார்கள். வீட்டில் பாகு காய்ச்சிப் பார்த்தவர்தான் இந்த வேலையின் அருமை தெரிந்து வாங்க வருவார். தயங்காமல் சொல்லுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரீல்ஸும் ஷார்ட்ஸும் மூன்று நிமிடம்கூடப் போகலாம். இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இருபதிலிருந்து நாற்பது வினாடிக்குள் நிற்பது நல்லது.

படம் பிடிக்கும்போது

கேமரா வாங்காதீர்கள். இருக்கிற போன் போதும், பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள். எடுக்கும் முன்பு லென்ஸைத் துடையுங்கள். பலகாரக் கடை, வொர்க்‌ஷாப் மாதிரி இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து எல்லாமே பனிமூட்டமாகத் தெரியும், ஆள் காரணம் புரியாமல் புதுப் போன் பார்க்கக் கிளம்பிவிடுவார். போனை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வரட்டும். உச்சியில் எரியும் டியூப்லைட்டை நம்பினால் பாகும் கடலையும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஒரு சின்ன ஸ்டாண்டும், சட்டையில் மாட்டும் மைக்கும் வாங்கினால் போதும். பேசும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

உணவுப் பொருள் செய்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பார்ப்பவர் கண் முதலில் போவது பொருளுக்கு அல்ல, நகத்துக்கு. அப்புறம் மோதிரம், வேர்வை, தலைமுடி, சுவரில் இருக்கும் கறை, ஓரத்தில் கிடக்கும் துடைப்பம். பாகு எவ்வளவு அழகாக மின்னினாலும் ‘அந்தக் கையைப் பாருங்க’ என்று ஒரு கமெண்ட் விழுந்தால் அடுத்த நூறும் அதைப் பற்றியே இருக்கும். நகம் வெட்டி, தலையில் துணி கட்டி, ஓரத்தை ஒதுக்கிவிட்டு எடுங்கள். வீடியோவுக்காக மட்டும் கையுறை போட்டால் அதுவும் தெரிந்துவிடும். அடுத்த வீடியோவில் பின்னால் நிற்பவர் வெறுங்கையோடு இருப்பார்.

முகம் காட்டக் கூச்சமா? காட்ட வேண்டாம். கையும் குரலும் போதும். குரல் எழுதிவைத்துப் படிக்கும் செய்தி வாசிப்பாக இல்லாமல், கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற உங்கள் ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். ‘அண்ணாச்சி, இதப் பாருங்க’ என்று பேசுகிறவர் கேமரா முன்னால் மட்டும் சென்னைத் தமிழ் பேச முயன்றால் எடுபடாது.

எடிட்டிங், எழுத்து, பாட்டு

இன்ஷாட், விஎன், இன்ஸ்டாகிராம் வெளியிட்டிருக்கும் எடிட்ஸ், இவற்றில் எது கைக்கு வருகிறதோ அது. தொடங்குபவர்களுக்கு வெட்டத் தெரிந்தால் போதும். மூச்சு விடும் இடைவெளி, ‘அது வந்து’, கரண்டியைத் தேடும் நேரம் எல்லாவற்றையும் வெட்டுங்கள். பறக்கும் எழுத்து, மின்னல் எஃபெக்ட் எதுவும் தேவையில்லை.

பேசுவதை எழுத்தாகவும் காட்டுங்கள். பஸ்ஸிலும் ஆபீஸிலும் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் ஏராளம். தமிழில் பெரிதாக, இரண்டு வரிக்கு மேல் போகாமல். திரையின் கீழ்ப்பகுதியை விளக்க வரிகளும் வலது ஓரத்தை லைக், ஷேர் பொத்தான்களும் மறைக்கும் என்பதால் எழுத்தை நடுவுக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

பாட்டு விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்கு வைத்திருந்தால் சினிமாப் பாட்டுகள் பலவும் தேடினால் வராது. வராததற்குக் காரணம் உண்டு. சொந்த ரசனைக்குப் பயன்படுத்தத்தான் உரிமம் வாங்கியிருக்கிறார்கள், கடை விளம்பரத்துக்கு அல்ல. சுற்றுவழியில் பாட்டைச் சேர்த்தால் சத்தத்தை அணைத்துவிடலாம், உரிமைக்காரர் நோட்டீஸும் அனுப்பலாம். வணிகப் பயன்பாட்டுக்கென்று, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் தனி இசைத் தொகுப்பு வைத்திருக்கிறது. இல்லையென்றால் கடையின் சத்தமே போதும். பாகு கொதிப்பது, கடலை விழுவது, தையல் மிஷின் ஓடுவது, பூட்டு ‘கிளிக்’ என்று விழுவது, இவற்றுக்கு யாரும் உரிமை கேட்க முடியாது.

ட்ரெண்ட் பின்னால் ஓட வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். இந்த வாரம் எல்லாரும் ஆடும் ஆட்டத்தை நீங்களும் கடை வாசலில் ஆடினால் ஆட்டத்தை ரசிப்பார்கள், கடை மனதில் நிற்காது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்கள். 2018-இல் தொடங்கினார்கள். வயல்வெளி, பெரிய பாத்திரம், ஒவ்வொரு பொருளையும் போடும்போது அதன் பெயரைக் கத்திச் சொல்வது, கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவது. வீடியோவுக்கு வீடியோ இதே வடிவம்தான். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டினார்கள். ராகுல் காந்தி வந்து சமைத்துவிட்டுப் போனது அதே வருடம் ஜனவரியில். அதற்குள் அவர்கள் போட்ட வீடியோக்கள் எத்தனையோ. உங்களுக்கும் இப்படி மாறாத ஒன்று வேண்டும். கடலைமிட்டாய்க்காரருக்கு அந்த ‘டங்’ சத்தமே போதும்.

போட்ட பிறகு

வீடியோவுக்குக் கீழே எழுதும் முதல் வரியில், தேடுபவர் என்ன தட்டுவாரோ அதை எழுதுங்கள்: ‘கோவில்பட்டி கடலைமிட்டாய், தமிழ்நாடு முழுக்க கூரியர்.’ அப்புறம் விலை, எண். ஹேஷ்டேக் மூன்று நான்கு போதும். ஊர் பெயரை லொகேஷனில் சேருங்கள்.

அதே வீடியோவை ஷார்ட்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் போடலாம், போட வேண்டும். ஆனால் ஒரு செயலியிலிருந்து அதன் முத்திரையோடு (வாட்டர்மார்க்) இறக்கி இன்னொன்றில் ஏற்றாதீர்கள். மற்ற செயலியின் முத்திரை உள்ள வீடியோக்களைப் புது ஆட்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக இன்ஸ்டாகிராம் 2021-லேயே சொல்லிவிட்டது. எடிட் செய்த மூல வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஏற்றுங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மறக்காதீர்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாகவும் அனுப்பலாம். ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் ‘எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கமெண்டுகளுக்குப் பதில் சொல்ல உட்காருங்கள். ‘சர்க்கரை கலக்குறாங்க’ என்று ஒருவர் எழுதினால் சண்டைக்குப் போகாமல், ‘அடுத்த வீடியோல வெல்லத்தை உடைச்சே காட்டுறேன் அண்ணா’ என்று எழுதி, சொன்னபடி காட்டிவிடுங்கள். அதுவே அடுத்த வீடியோ ஆகிவிடும். வெறும் வசவு என்றால் அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

வாரத்துக்கு எத்தனை? இரண்டோ மூன்றோ, உங்களால் ஆறு மாதம் தொடர முடிகிற எண்ணிக்கை. ஒரே நாளில் கடையில் உட்கார்ந்து நாலைந்து எடுத்துவைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

எந்தக் கணக்கைப் பார்ப்பது

பார்வை எண்ணிக்கையை வைத்து மகிழ்ச்சியோ துக்கமோ வேண்டாம். யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள். தள்ளிவிட்டுப் போனவரும் அதில் அடக்கம். இன்ஸ்டாகிராமில் உங்கள் வீடியோவின் கணக்குகளைக் காட்டும் இன்சைட்ஸ் பகுதிக்குள் போய், எந்த வினாடியில் ஆட்கள் விலகுகிறார்கள் என்ற கோட்டைப் பாருங்கள். மூன்றாவது வினாடியிலேயே சரிந்தால் தொடக்கம் சரியில்லை. நடுவில் ஒரு இடத்தில் தொப்பென்று விழுந்தால் அங்கே ஏதோ சலிப்பு, அடுத்த முறை அதை வெட்டுங்கள். அப்புறம் எத்தனை பேர் அனுப்பினார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள்.

அதைவிட முக்கியமான கணக்கு கல்லாப் பக்கத்து நோட்டில் இருக்க வேண்டும். ஆர்டர் தருபவர் ஒவ்வொருவரிடமும் ‘எதைப் பாத்துட்டு வந்தீங்க?’ என்று கேட்டு எழுதுங்கள். பாகுப் பத வீடியோ முப்பதாயிரம் பேரிடம் போய் நாற்பது ஆர்டர் கொண்டுவந்திருக்கும். தோலா தோலில்லாமலா வழக்கு மூன்று லட்சம் பார்வைக்கு ஐந்து ஆர்டர் தந்திருக்கும். கல்லாவுக்கு எது சோறு போட்டது என்று பார்த்து அதில் இன்னும் நாலு எடுங்கள்.

காசு கொடுத்து ‘பூஸ்ட்’ செய்வதானால், அதாவது வீடியோவை விளம்பரமாக இன்னும் பலருக்குக் காட்டவைப்பதானால், தானாகவே ஓரளவு ஓடிய வீடியோவுக்கு மட்டும் செய்யுங்கள். படுத்துவிட்ட வீடியோவைப் பணம் தூக்கி நிறுத்தாது. நாளுக்கு நூறு இருநூறு ரூபாயில், உங்கள் ஊரையும் சுற்றுவட்டத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்து நாலு நாள் பாருங்கள். ஃபாலோயர் விலைக்கு வாங்குவது வீண். அந்த ஐயாயிரம் பேரும் மிட்டாய் தின்னப்போவதில்லை.

சொல்லக் கூடாதவை

உணவு, எண்ணெய், பொடி, தைலம் விற்பவர்கள் கவனிக்க. ‘சர்க்கரை நோய் தீரும்’, ‘மூட்டுவலி போகும்’ என்று சொன்னால் வீடியோ நன்றாகத்தான் ஓடும். ஆனால் குறிப்பிட்ட நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் இருக்கிறது, நீரிழிவு அந்தப் பட்டியலில் உண்டு. பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். உள்ளூர் ஃபுட் விலாகருக்குப் பணமோ சரக்கோ கொடுத்துப் பேசவைத்தால், அது விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். அதை முன்பே பேசிவிடுங்கள்.

வாடிக்கையாளர் முகத்தைக் கேட்காமல் போடக் கூடாது, அவர்கள் பிள்ளைகள் முகத்தை நிச்சயமாகக் கூடாது. பக்கத்துக் கடையைப் பெயர் சொல்லித் திட்டும் வீடியோ வேண்டாம். இன்னொன்று, கடை நஷ்டம், சாப்பாட்டுக்கே வழியில்லை என்று அழுது எடுக்கும் வீடியோ. ஒரு முறை இரக்கப்பட்டு வாங்குவார்கள். இரண்டாவது முறை வாங்கச் சரக்குதான் காரணமாக இருக்க வேண்டும்.

நிஜமாகவே ஓடிவிட்டால்

பெரும்பாலும் ஒரு ராத்திரியில் நடக்கும். காலையில் எழுந்தால் போன் சூடாக இருக்கும். அப்போது செய்ய வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள்.

ஒரு நாளில் முப்பது கிலோதான் போட முடியும் என்றால் ஒரு நாளைக்கு முப்பது கிலோ ஆர்டர்தான் எடுக்க வேண்டும். ‘இன்றைய ஆர்டர் முடிந்தது, இப்போது கட்டினால் பன்னிரண்டு நாளில் வரும்’ என்று கமெண்டில் எழுதி, அது மேலேயே நிற்கும்படி ‘பின்’ செய்துவிடுங்கள். ஆசைப்பட்டு எல்லாரிடமும் பணம் வாங்கிவிட்டு அனுப்ப முடியாமல் தவித்தால், அடுத்த வாரம் வைரலாவது ‘ஏமாத்திட்டாங்க’ என்ற வீடியோதான். கூடுதலாகப் போட வேண்டுமென்று பாகுப் பதத்தில் கைவைக்காதீர்கள்.

பணம் வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் வங்கிக் கணக்கைப் பார்க்காமல் பார்சல் கட்டக் கூடாது. போலி ஸ்கிரீன்ஷாட்டுகள் இந்த மாதிரி நெரிசலில்தான் நுழையும். உங்கள் கடைப் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கிப் பணம் வாங்குபவர்களும் வருவார்கள். ‘எங்கள் எண் இது ஒன்றுதான்’ என்று ஒரு வீடியோ போட்டு அதையும் கணக்கின் உச்சியில் பின் செய்யுங்கள். மூன்று பதிவுகள் வரை பின் செய்யலாம். மற்ற இரண்டில் ஒன்று ஓடிய வீடியோ, இன்னொன்று ஆர்டர் செய்யும் முறை.

ஓடிய வேகத்தைப் பார்த்துப் பெரிய இடம் பிடிக்காதீர்கள். 2020 அக்டோபரில் டெல்லி மாளவியா நகரில் ‘பாபா கா தாபா’ என்ற சின்னக் கடையைப் பற்றிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. மறுநாளே கூட்டம் முட்டியது. டிசம்பரில் அந்தக் கடையை நடத்திய முதியவர் புது உணவகம் தொடங்கினார். வாடகை, சம்பளம் எல்லாம் ஏறிப்போய் வரவு கட்டவில்லை. சில மாதங்களிலேயே அதை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார்.

ஓடிய வீடியோ சூடு ஆறுவதற்குள், இரண்டு மூன்று நாளில் அதன் தொடர்ச்சி ஒன்று போடுங்கள். கமெண்டில் அதிகம் பேர் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருந்தால் நல்லது. புதிதாக வந்தவர்கள் இவர் அடுத்து என்ன போடுகிறார் என்று எட்டிப்பார்க்கும் நேரம் அது.

கூரியர்க்காரரிடமும் முன்பே பேசிவையுங்கள், தினமும் ஐந்து பார்சல் எடுத்தவரிடம் திடீரென்று நூறைக் கொண்டுபோய் வைத்தால் அவரும் திணறுவார். அட்டைப்பெட்டி, டேப், காற்றுப் புகாத கவர் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருப்பில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கவருக்குச் சரியாக சீல் வைக்காமல் அனுப்பினால் மிட்டாய் நமத்துப்போய்த்தான் போய்ச் சேரும். அப்போது அந்த முதல் ஆர்டர்காரர் ஒடித்துப் பார்க்கும்போது ‘மடக்’ வராது, அதையும் அவர் வீடியோ எடுப்பார்.